பனி, வெள்ளம், போர், ஒரு குடும்பம்

"மாமா, பனி மேல போவுது!" என்று மேடை ஓரத்திலிருந்து மைத்துனன் அலறினான்.

தையல்காரர் எட்டிப் பார்த்தார். அவர் எழுதி இயக்கிய நாடகத்தின் முதல் காட்சி. மனித வரலாற்றின் அத்தனை பேரழிவுகளிலும் தப்பிப் பிழைக்கும் ஒரே குடும்பத்தின் கதை. பனியுகத்துக்காகக் குவித்திருந்த பஞ்சை மின்விசிறி வாரிக்கொண்டுபோய் ஜனங்களின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது.

முந்தைய இரண்டு நாடகங்களுக்கும் இடைவேளைக்குள் அரங்கம் காலி. இதுவும் ஊத்திக்கொண்டால் நாடகத்துக்கே தலைமுழுகுவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

"ஃபேனை நிறுத்திடவா?"

"புழுங்குதுன்னு எழுந்து போயிடுவாங்கடா. பஞ்சை நனை!"

மைத்துனன் குழாயைத் திருகினான். குழாய் கையோடு வந்துவிட்டது. இரண்டாம் காட்சிக்கு வர வேண்டிய வெள்ளம் முதல் காட்சியிலேயே பாய்ந்தது.

குகைத் தாயாக நின்ற மனைவி, அவர் தைத்துக் கொடுத்த புலித்தோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். "என்னங்க, கணுக்கால் வரைக்கும் தண்ணி. இப்ப நான் என்னத்தைப் பேசறது?"

"பனி உருகிடுச்சுன்னு சொல்லு!"

சொன்னாள். தண்ணீர் மேடையிலிருந்து இறங்கி முன்வரிசைச் செருப்புகளை அடித்துக்கொண்டு போயிற்று. ஜனங்கள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்களே தவிர, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தையல்காரருக்கு நெஞ்சு விம்மியது. இனி யார் தடுத்தாலும் நிறுத்துவதில்லை.

ஈரத்தில் ஷாக் அடிக்குமே என்று மெயினை அணைத்தார். சன்னல்கள் சாத்திய அரங்கம் இருண்டது. டார்ச்சைத் தேடிய மைத்துனன் தீக்குச்சியைக் கிழித்தான். மூன்றாம் காட்சிப் போருக்கான புகைப்பானை பக்கத்திலேயே இருந்தது; பற்றிக்கொண்டது.

"மாமா, போர் ஆரம்பிச்சிடுச்சு!"

"நடக்கட்டும்! விட்டேனா பார்!"

மேடையில் குடும்பம் இருமியது. எதிரே அரங்கமே இருமியது. சன்னல்களைத் திறந்துவிட்டுக் கடைசிக் காட்சி வரை ஒரு வசனம் விடாமல் நடத்தி முடித்தார். புகை விலகியபோது ஒரு நாற்காலிகூடக் காலியில்லை.

சொட்டச் சொட்ட நனைந்தபடி முன்னால் வந்து கைகூப்பினார்.

"பனி, வெள்ளம், போர்... எதுக்கும் நீங்க அசையலையே! ஒரு கலைஞனுக்கு இதைவிட என்னங்க வேணும்?"

மனைவிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முன்வரிசையில் தலையெல்லாம் பஞ்சாக ஒரு பெரியவர் எழுந்தார்.

"நேரம் போறதுக்கு நாடகம் போட்டீங்க, சரி தம்பி. கண் டாக்டரு எப்பதான் வருவாரு? காலையிலேருந்து டோக்கனோட உக்காந்திருக்கோம்!"