பதினோரு நிமிடம் குறித்த விளக்கம்

பொருள்: விமானம் ஐந்து மணி நேரம் தாமதமானது பற்றிய தங்கள் புகார் – விளக்கம் அளித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய புகார்தாரர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதென்ன, இன்று காலை எட்டேகாலுக்கு நானே பார்த்தேன். தோளில் குழந்தையும் வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷுமாக ஹாலில் நின்றுகொண்டிருந்தீர்கள். இந்தக் கடிதம் பதிவுத் தபாலில் கிளம்பி, ஊரைச் சுற்றி, புகாரில் தாங்கள் கொடுத்திருக்கும் முகவரிக்கு, அதாவது என் வீட்டுக்கே வந்து சேரும். அப்போது நான் வீட்டில் இருக்கக் கூடாது என்பதுதான் என் ஒரே வேண்டுதல்.

"கடைசி நேரத்தில் வந்து ஒன்றுமில்லாத காரணத்தைச் சொல்லி நூற்று எண்பது பேரை ஐந்து மணி நேரம் உட்கார வைத்த அந்த அதிகாரி யார்? அவருக்குப் பிள்ளை குட்டி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் விமானப் பாதுகாப்புத் துறை இயக்குநர் அதைச் சம்பந்தப்பட்ட அதிகாரிக்கே அனுப்பி, பதினைந்து நாளில் விளக்கம் தரச் சொல்லிவிட்டார். இன்று பதினான்காவது நாள். பிள்ளை உண்டு, மாப்பிள்ளை. ஒரே மகள். தாங்கள்தான் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

பேனாவை மூடிவைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இனிமேல் 'தாங்கள்' எல்லாம் வராது, மன்னிக்கவும்.

அன்றைக்கு உங்கள் ஊரில்தான் இருந்தேன். ஒரு விமான நிறுவனத்தில் இரண்டு நாள் திடீர் ஆய்வு. திடீர் ஆய்வு என்றால் வீட்டில்கூடச் சொல்லக் கூடாது, அதனால் உங்கள் அத்தைக்கே தெரியாது. மதியம் இரண்டு மணி விமானத்தில் விமானிகளுக்குப் பின்னால் இருக்கும் மடக்கு இருக்கையில் உட்கார்ந்து, அவர்கள் வேலை செய்யும் லட்சணத்தைக் குறித்துக்கொண்டே ஊர் திரும்புவதாகத் திட்டம். அப்போதுதான் உங்கள் அத்தையிடமிருந்து செய்தி வந்தது: 'பத்து நாள் முன்னாடியே வலி எடுத்துடுச்சு. மாப்பிள்ளை ரெண்டு மணி ஃப்ளைட்ல கிளம்பிட்டார். நீங்க எங்க போய்த் தொலைஞ்சீங்க?' பயணிகள் பட்டியலைப் பார்த்தேன். பதினேழு சி. உங்கள் பெயர். நாம் இருவரும் ஒரே விமானத்தில் போய் இறங்கி உங்கள் அத்தையை அசத்தப்போகிறோம் என்று அந்தச் சின்ன அறைக்குள் நான் சிரித்த சிரிப்பில் துணை விமானி பயந்துபோய்ச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

சிரித்துவிட்டு வழக்கம்போல விமானிகளின் வேலை நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு விமானி வேலைக்கு வந்து கையெழுத்துப் போட்டதிலிருந்து இத்தனை மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்று வரம்பு உண்டு. காலையில் மழையால் எல்லாம் தள்ளிப்போய், தலைமை விமானி விதியில் தரும் கூடுதல் நேரத்தையும் தீர்த்துவிட்டிருந்தார். நம் ஊரில் இறங்கும்போது பதினோரு நிமிடம் அதிகமாகிவிடும். நாலு தடவை கூட்டினேன். பதினோரு நிமிடம் பத்தாகக்கூட ஆகவில்லை.

"சார், பதினோரு நிமிஷம்தான். பின்காத்து அடிச்சா அதுவும் இருக்காது" என்றார் தலைமை விமானி. நல்ல மனிதர். நிறுவனத்து மேலாளர் இன்னும் நல்லவர். "நீங்களும் இதுலதானே சார் ஊருக்குப் போறீங்க?" என்று என் வாயில் சர்க்கரை போட்டார். உண்மையைச் சொல்கிறேன், மாப்பிள்ளை: பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டேன். போய்விடலாம் என்றே முடிவு செய்துவிட்டேன். துணை விமானி சரிபார்ப்புப் பட்டியலை வாசிக்கத் தொடங்கினார். அவர் ஒவ்வொன்றாகக் கேட்பார், தலைமை விமானி பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவதைக் கேட்பதற்கு முன்னாலேயே இவர் "சரி" என்றார். அடுத்தது எரிபொருள் அளவு. எண்ணைச் சொல்ல வேண்டிய இடம். அதற்கும் "சரி" என்றார். பிறகு அவரே நிறுத்தி இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

பேனாவை வெளியே எடுத்தேன். அந்த மனிதர் கோபப்படவில்லை. இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "முடியலன்னு நானாச் சொல்ல வாய் வரல சார்" என்றார். நூற்று எண்பது பயணிகளின் பாதுகாப்பு கருதி நிறுத்தியதாக அறிக்கையில் எழுதியிருக்கிறேன். அது பாதிப் பொய். பதினேழு சி-க்காகத்தான் நிறுத்தினேன். உங்களை நான் அந்த மனிதரிடம் கொடுத்து அனுப்பியிருந்தால், அங்கே என் மகள் படுத்திருக்கும் நிலையில்... வேண்டாம், இந்த வரியை முடிக்கக் கை வரவில்லை.

மாற்று விமானி வர ஐந்து மணி நேரம் ஆயிற்று. அந்த ஐந்து மணி நேரத்தை உங்கள் மாமனார் எப்படிக் கழித்தார் என்பதையும் விளக்கத்தில் சேர்த்துவிடுகிறேன். காத்திருப்புக் கூடத்தை ஒட்டி ஒரு அறை. கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி. உள்ளேயிருந்து கூடம் தெரியும், உள்ளே இருப்பவர் வெளியே தெரிய மாட்டார். மழை இருட்டாக இருந்ததால் ட்யூப் லைட்டைப் போட்டுக்கொண்டு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு கதவைத் தட்டினீர்கள். நான் இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்துகொண்டேன். நுழைந்தது சுலபம், வெளியே வர டீ கொண்டுவந்தவர் இழுக்க வேண்டியதாயிற்று. சட்டை கிழிந்தது அங்கேதான், வீட்டில் நான் சொன்னதுபோல வேலியில் மாட்டி அல்ல.

நாலே முக்காலுக்கு உங்களுக்குப் போன் வந்தது. காதில் வைத்தபடியே தூணில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். குழந்தையின் முதல் அழுகையை நீங்கள் போனில் கேட்டீர்கள். நான் அதை உங்கள் முகத்தில் பார்த்தேன். என் பேத்தி பிறந்தது எனக்குத் தெரிந்தது அப்படித்தான். விமானத்தை நிறுத்தியதற்கு நான் வருந்தவில்லை, நாளைக்கும் நிறுத்துவேன். ஆனால் எழுந்து கதவைத் திறந்தால் எட்டு அடி. அந்த எட்டு அடி நடந்து வந்து உங்கள் பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. அது மட்டும் தப்பு, மாப்பிள்ளை. பெரிய தப்பு.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். அடுத்த விமானத்தில் வந்து 'ஜீப் பஞ்சர்' என்றேன். "உலகத்துல இருக்கற ஆணியெல்லாம் உங்க ஜீப்புக்குத்தான் காத்திருக்குமா?" என்றாள் உங்கள் அத்தை. நீங்களோ குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, "எந்தப் புண்ணியவானோ மாமா, அவன் மட்டும் என் கைல கிடைச்சான்..." என்று பல்லைக் கடித்தீர்கள். நான், "அவனை விடக் கூடாது" என்றேன். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவனைத் திட்டினீர்கள். நான் ஆமாம் போட்டுக்கொண்டே இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டேன். கடைசியில், "மாமா, உங்க டிபார்ட்மெண்ட்தானே, எப்படி எழுதணும்னு சொல்லுங்க" என்று காகிதத்தோடு வந்து உட்கார்ந்தீர்கள். 'மண்டைக்கனம் பிடித்தவன்' என்று எழுதியிருந்ததை 'பொறுப்பற்ற அதிகாரி' என்று மாற்றிக் கொடுத்தவன் நான். எந்த விதியின் கீழ் நடவடிக்கை கேட்க வேண்டும் என்று எண்ணோடு சொன்னவனும் நான்தான். என் தலைக்கு நானே எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

இதுதான் விளக்கம். இதைப் படித்தபின் என்னோடு பேச வேண்டாம் என்று தோன்றினால் பேச வேண்டாம். குழந்தையை மட்டும் சாயங்காலம் ஒரு பத்து நிமிடம் கொடுங்கள். பதினோரு நிமிடம் கேட்க மாட்டேன்.

நீங்களும் என் மகளும் பாப்பாவும் எல்லா நலமும் பெற்று, எங்கே போனாலும் நன்றாகத் தூங்கி எழுந்த விமானிகளோடு மட்டுமே பறந்து, நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
பொறுப்பற்ற அதிகாரி,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போதுதான் உங்கள் புகாரின் அடியில் 'இணைப்பு: ஒன்று' என்று இருப்பதைக் கவனித்தேன். இணைப்பைப் பார்க்காமல் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று இருபத்தாறு வருடமாகக் கத்திக்கொண்டிருப்பவன் நான். பிரித்துப் பார்த்தால், ஒரு புகைப்படம். ட்யூப் லைட் வெளிச்சத்தில், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, கிழிந்த சட்டையோடு ஒரு கிழவன் அழுதுகொண்டிருக்கிறான். பின்பக்கம் உங்கள் கையெழுத்து:

'மாமா, உள்ளே லைட் எரிஞ்சா அந்தக் கண்ணாடி வழியா எல்லாம் வெளியே பளிச்னு தெரியும். தனியா உக்காந்து அழுதுட்டிருந்தேன், நிமிர்ந்து பார்த்தா நீங்களும் அழறீங்க. அப்புறம் எனக்கு அழுகை வரல. இதை அப்பவே உங்க பொண்ணுக்கு அனுப்பிட்டேன். வாயைத் திறந்து நீங்களா சொல்ல மாட்டீங்க, ஆனா ஃபைல் வந்தா பதினஞ்சு நாள்ல பதில் சொல்லியே தீருவீங்கன்னு அவதான் சொன்னா. பதிலை தபால்ல போடாதீங்க, கைல கொண்டு வாங்க.'

படத்தின் ஓரத்தில் பச்சை மையில் 'பார்த்தேன்' என்று எழுதி இயக்குநர் வேறு கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஆகவே அந்த அதிகாரி நான்தான் என்பது உங்களுக்குப் புதிதல்ல. அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன். இங்கே மழை இருட்டிக்கொண்டு வருகிறது. ஹாலில் லைட்டைப் போட்டு வையுங்கள், மாப்பிள்ளை.