மேனேஜருக்கு விழுந்த வாய்ப்பூட்டு

"இதுகூடத் தெரியாம நீங்கள்லாம் எதுக்கு ஆபீஸ்..." என்ற இடத்தில் மேனேஜரின் காதோரம் 'டக்' என்றது. பேச்சு பாதியில் நின்றது. வாயும் பாதியில் நின்றது.

ஊழியர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மரியாதை என்று எடுத்துக்கொண்டார் மேனேஜர். எதையுமே அவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

"தாடை மூட்டு இறுகியிருக்கும் சார்," என்றார் கணக்காளர் கரிசனமாக. "சூயிங்கம் போட்டு நல்லா மெல்லுங்க. தானா இளகிடும்."

நாள் முழுக்க மாடு மாதிரி அசைபோட்டார். சாயங்காலம் தாடையோடு கன்னமும் வலித்தது. இடது பக்க ஈறு வேறு சிவந்து தடித்திருந்தது.

"பல் டாக்டர்கிட்ட ஒருதடவ காட்டிடுங்களேன்," என்றாள் மனைவி.

மூட்டு வலிக்குப் பல் டாக்டரா, உனக்கு அறிவிருக்கா என்று கேட்க ஆசைதான். "ம்ஹும்" என்று மட்டும் வந்தது. அவளுக்குக் காதில் தேன் பாய்ந்தது.

மறுநாள் டைப்பிஸ்ட் அம்மாள் வந்தார். "ஈறு வீக்கத்துக்குக் கல் உப்ப வச்சு அழுத்தித் தேய்க்கணும் சார். எரியும். எரிஞ்சாதான் கேக்கும்."

தேய்த்தார். ஈறு புண்ணாகி ரத்தம் கசிந்தது.

"வாய முடிஞ்சமட்டும் அகலமா, ஒரே மூச்சுல திறங்க சார்," என்றார் ஸ்டோர் கீப்பர்.

திறந்தார். அதன்பிறகு ஒரு ஸ்பூன் நுழைவதற்குமேல் வாய் திறக்கவில்லை. மனைவி டிரைவரைக் கூப்பிட்டு, கணவரைக் காரில் ஏற்றிப் பல் மருத்துவமனைக்கு அனுப்பினாள்.

டாக்டர் அம்மாள் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஈறு அழற்சி உங்களுக்கு ரொம்ப நாளா இருக்கு. இடது பக்கம் வலிக்குதுன்னு வலது பக்கமே மென்னுட்டு வந்திருக்கீங்க. அதுல மூட்டு கெட்டுது. வாய் திறக்காததால பிரஷ் உள்ள போகல, ஈறு இன்னும் மோசமாச்சு. போதாததுக்கு, என்னென்ன வைத்தியம் பண்ணீங்க?"

மேனேஜர் போனில் எல்லாவற்றையும் தட்டிக் காட்டினார்.

"யாருங்க இதெல்லாம் சொன்னது?"

'என் ஸ்டாஃப். என்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள்' என்று தட்டினார். தட்டும்போதே கண் கலங்கியது.

டாக்டர் ஈறைச் சுத்தம் செய்தார். டிரைவரை அழைத்து மருந்துச் சீட்டைக் கொடுத்து, "ஒரு வாரத்துல பழையபடி பேசுவார்," என்றார். டிரைவர் மருந்து வாங்க முன்னால் போனார்.

மேனேஜர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்தார். காருக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டியபடி டிரைவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரத்துல பேச ஆரம்பிச்சிடுவாராம். டைப்பிஸ்ட் அம்மாகிட்ட சொல்லி, வேற ஏதாவது நல்ல வைத்தியமா சீக்கிரம் யோசிக்கச் சொல்லுங்க."