மூன்று கிரீடமும் நானும்

பொறாமைக்கு ஒரு கண்தான் உண்டு; அதுவும் அடுத்த வீட்டுப் பக்கம்தான் பார்க்கும். எனக்கு அடுத்த வீடுவரை போகவேண்டிய சிரமம்கூட இல்லை. என் ஓரகத்தி ரோசம்மா எங்கள் வீட்டிலேயே இருந்தாள்.

ரோசம்மா பாலிக் புலாவ் என்ற கிராமத்து ஜாதிக்காய்த் தோட்டத்திலிருந்து என் கொழுந்தனார் ஜோசப்புக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. நானோ கான்வென்டில் நான்கு வருடம் படித்தவள். (மூன்றாம் வகுப்பில் மட்டும் இரண்டு வருடம். அது இப்போது எதற்கு?) ஆனால் ஊசியை எடுத்தால் அவள் கைக்கு ஈடு கிடையாது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இங்கிலாந்து மன்னரின் வெள்ளிவிழா வந்தது. எங்கள் பினாங்கின் ஜார்ஜ் டவுன் முழுக்க யூனியன் ஜாக் கொடிகள். எங்கள் தெரு முனையிலும் தமிழர்கள் சேர்ந்து ஓர் அலங்கார வளைவு கட்டினார்கள். அதன் உச்சியில் நம் ஊரையும் சேர்த்து வெள்ளைக்காரர் ஆண்ட நீரிணைக் குடியேற்றங்களின் சின்னத்தைத் துணியில் தைத்து மாட்டுவதென்று முடிவாயிற்று. தைக்கும் பொறுப்பு யாருக்கு? ரோசம்மாவுக்கு!

அச்சடித்த படம் ஒன்றை விழாக் குழுவினர் அவளிடம் கொடுத்தார்கள். இரண்டு வாரம் அவள் தலை நிமிரவில்லை. வந்தவர் போனவரெல்லாம் "அடடா" என்றார்கள். நான் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சோற்றுப் பானையை மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாக இறக்கி வைத்தேன்.

விழா நாள் காலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்தது. வளைவின் கீழே போய் அண்ணாந்து பார்த்தேன். சிவப்புப் பட்டில் சீட்டுக்கட்டு டைமண்ட் போன்ற வடிவம். அதன்மேல் வெள்ளைத் துணியில் 'Y' எழுத்து. அது தலைகீழாக இருந்தது! எனக்குள் தேவாலய மணி அத்தனையும் ஒன்றாக அடித்தது.

"ரோசம்மா! ஒய் எழுத்த கவுத்துத் தச்சிருக்கியே!"

"படத்துல இப்படித்தான் இருக்குக்கா."

"படத்தையே நீ தலைகீழா புடிச்சிருப்ப! ஒய்னா என்ன தெரியுமா? 'யுவர் மெஜஸ்டி'! ராஜாவையே கவுத்துட்டியே!"

கூட்டம் என்னை மரியாதையோடு பார்த்தது. படித்தவள் அல்லவா! பாண்டு வாத்தியச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஜோசப் தம்பி, ஏணிய எடுங்க!" என்றேன்.

ஜோசப் தன் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஏணியில் ஏறினார். அவிழ்த்துத் திருப்பிக் கட்டினார். இப்போது 'Y' நிமிர்ந்து நின்றது. நானும் நிமிர்ந்து நின்றேன்.

பிறகுதான் அதன் மேலிருந்த மூன்று தங்கக் கிரீடங்கள் என் கண்ணில் பட்டன. மூன்றும் தலைகீழாகத் தொங்கின. அசப்பில் மூன்று மூத்திரச் சட்டிகள்.

இறக்குவதற்குள் பெரிய துரை வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் அவருடைய ஆபீசில்தான் குமாஸ்தா. அந்த மாதம்தான் பதவி உயர்வுக்கு என் வீட்டுக்காரர் பெயர் போயிருந்தது. துரை நின்றார். மேலே பார்த்தார். அவர் முகம் சிவந்தது. சிங்கப்பூருக்கு ஒன்று, பினாங்குக்கு ஒன்று, மலாக்காவுக்கு ஒன்று என்று மூன்று ஊருக்கும் மூன்று கிரீடமாம். சின்னத்தில் அந்த 'Y' கவிழ்ந்துதான் இருக்குமாம். இதையெல்லாம் என் வீட்டுக்காரர் பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு எனக்குச் சொன்னார்.

"யார் இப்படி மாட்டியது?" என்று துரை மலாயில் கேட்டார். என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. என் நாலு வருடக் கான்வென்ட் படிப்பு நாக்கோடு ஒட்டிக்கொண்டது.

ரோசம்மா முன்னால் வந்தாள். "ஹூஜான், துவான்," என்று ஈரத்தெருவைக் காட்டினாள். மழையில் துணி நனைந்துவிட்டது, தண்ணீரெல்லாம் கீழ்முனையில் தேங்கிவிட்டது, அது காயட்டும் என்றுதான் திருப்பி மாட்டினோம், நீங்கள் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று தோட்டத்து மலாயில் மளமளவென்று சொல்லி முடித்தாள். துரை ஒரு கணம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார். ஜோசப் அதற்குள் ஏணியில் பாதி ஏறியிருந்தார்.

துரைசானி தையலைத் தொட்டுப் பார்த்து, ரோசம்மாவுக்கு ராஜா ராணி படம் போட்ட பிஸ்கட் டின் ஒன்றை அனுப்பி வைத்தாள். அவள் அதைத் திறந்து முதல் பிஸ்கட்டை என்னிடம்தான் நீட்டினாள். "சாப்பிடுங்கக்கா." என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் வீட்டுக்காரருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. அதற்கும் அவளுக்குத்தான் நன்றி சொல்லவேண்டியிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதில் குறை சொன்னாலும், குழம்பில் உப்பு என்றாலும்கூட, "ஏணி எடுக்கவா?" என்று ஒரு குரல் வந்துவிடும். என் பேத்திகள்வரை இதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

போன மாதம் ரோசம்மா பேத்தியின் பாவாடை ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். "கோணலா போகுதே" என்றேன். தலை நரைத்த ரோசம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "அவர ஏணி எடுத்தாரச் சொல்லவாக்கா?" என்றாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் அந்தத் தையலை நூல் பிடித்துப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. சனியன், ஒரு நூல்கூடப் பிசகவில்லை.