எம். புதுப்பட்டியின் அப்பா

உலகத்திலேயே ஓர் ஊரின் இனிஷியலோடு சண்டை போட்ட ஒரே மனிதர் எங்கள் இனிஷியல் அண்ணாச்சிதான்.

சிவகாசியில் பட்டாசு லேபிளும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கிற பிரஸ்ஸில் நான் டிசைன் போட்டேன். அவர் புரூஃப் பார்த்தார். பார்த்தார் என்றா சொன்னேன்? பாதி நேரம் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு ஜன்னல் வழியே மேகம் பார்ப்பார். ‘எம். புதுப்பட்டி’ என்று எதிலாவது வந்துவிட்டால் போதும், கனவு கலைந்துவிடும்.

“ஊருக்கு எதுக்குலே இனிஷியல்? அதோட அப்பன் யாரு, நீ பாத்தியா?”

“நம்ம பக்கம் எம்புட்டு புதுப்பட்டி இருக்கு அண்ணாச்சி! அடையாளம் வேணாமா?”

“எல்லாம் ஒரே ஊருதாம்லே. ஏதோ பஞ்சத்துல ஆளுக்கொரு திக்காப் போயிருப்பாக. வீட்டைத் தூக்க முடியுமா? பேரைத் தூக்கிட்டுப் போயிட்டாக.”

சொல்லிவிட்டு மறுபடி மேகத்துக்குப் போய்விடுவார்.

அவருக்கே இனிஷியல் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் கண்டெடுத்து வளர்த்த பிள்ளை, வெறும் மாரியப்பன். இல்லாததையே பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். எங்கள் ஊர் வாய்க்கு இரக்கமே கிடையாது.

என் கல்யாணம் வந்தது. பெண் எம். புதுப்பட்டி. பத்திரிகை புரூஃபில் அந்த ‘எம்’மை வெட்டிவிட்டார் மனுஷன்! முகூர்த்தத்தன்று காலையில்தான் விஷயமே தெரிந்தது. பத்திரிகையை நம்பிக் கிளம்பிய மேளக்காரர்கள் வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியில் இறங்கி, அங்கே யார் வீட்டுக் காதுகுத்திலோ ஜோராக வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

முகூர்த்த நேரம் முடியப்போகிறது. “கெட்டிமேளம் இல்லாமத் தாலி ஏறக் கூடாது” என்று மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் நின்றுவிடுமோ என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது வாசலில் இனிஷியல் அண்ணாச்சி, கையில் ஊதுபத்தி. காலடியில் பாய் மாதிரி விரித்த சரவெடி.

“மாப்ள, கட்டுலே! மேளம் நாந்தாம்லே!”

ஊரே அதிர்ந்தது. மாமனார் காதைப் பொத்த, என் கைக்கு விடுதலை. மண்டபம் முழுக்க வெண்புகை. மேகத்துக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அதில் மிதந்துவந்த ஒரு கழுத்தில் தாலியைக் கட்டிவிட்டேன். நம் பெண்தானா என்று புகை விலகும்வரை சந்தேகம். அவளேதான். இருமிக்கொண்டே சிரித்தாள்.

அண்ணாச்சி இப்போது இல்லை. போன வாரம் பஸ் போர்டைப் படித்த என் மகன் கேட்டான்: “அப்பா, அம்மா ஊருக்கு இனிஷியல் இருக்கே, அதோட அப்பா பேரு என்ன?”

“மாரியப்பன்லே” என்றேன்.