தொப்பைக்கு வந்த தகவல்

இருபது நாள் லீவு போட்டு, அதன் முதல் நாள் மத்தியானமே ஒரு வீர முடிவு எடுத்தேன். இனி எனக்குத் தெரியாமல் இந்த வீட்டில் ஒரு கதவும் திறக்கக் கூடாது. முக்கியமாக, என் மனைவி திறக்கும் கதவு.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப் போகிறது? எங்கள் வீட்டின் பின்பக்கம் ஒரு அறை உண்டு. கால் ஒடிந்த கட்டில், சுற்றாத மின்விசிறி, நான் ஆசையாக வாங்கி இரண்டே நாள் மிதித்த உடற்பயிற்சி சைக்கிள் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. அந்த அறை எனக்கு வேண்டும் என்று நான் பத்து வருஷமாகக் கேட்கிறேன். அவளுக்கு வேண்டும் என்று அவளும் பத்து வருஷமாகக் கேட்கிறாள். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். சாயங்காலத்தில் அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுப்பாள். தையல் மெஷின் இருப்பது சாப்பாட்டு மேஜையில். என் தட்டில் எத்தனையோ முறை சட்டைப் பொத்தான் கிடைத்திருக்கிறது. ஒருமுறை அதை மென்றும் இருக்கிறேன்.

"உங்களுக்கு எதுக்குத் தனி ரூம்?"

"யோசிக்க."

"உட்கார்ந்தா, படுத்தா?"

இப்படிப்பட்டவளிடம்தான் ஒப்பந்தம் போட்டேன். இருபது நாளில் அந்த அறையை நான் காலி செய்து, சுவரைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து முடித்தால் அறை எனக்கு. முடிக்காவிட்டால் அவளுக்கு. அதன் பிறகு ஜென்மத்துக்கும் வாய் திறக்கக் கூடாது.

நான் டயர் கிடங்கில் மேற்பார்வையாளன். பிறர் வேலை செய்வதைப் பார்ப்பதுதான் என் வேலை. அதனால் ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த அறைக்கு மூன்று நாள் போதும். அப்படியானால் மீதிப் பதினேழு நாளை என்ன செய்வது? சோபாவில் சாய்ந்து அதைப் பற்றி யோசித்தேன். கண் விழித்தபோது எதிரில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கடை இரண்டு தெரு தள்ளித்தான். நினைத்தால் வந்து நிற்பாள்.

"பெயிண்ட் அடிக்கிறேன்னீங்க?"

"பிளான் போட்டுட்டு இருந்தேன்."

"வாயைத் திறந்து வெச்சுக்கிட்டா?"

அன்றைக்குத்தான் அந்த வீர முடிவு. வீட்டுக்குத் திருட்டு அலாரம் வைக்க வேண்டும். திருடனுக்காக இல்லை. அவள் கேட்டைத் தொட்டதும் என் போனுக்குத் தகவல் வந்தால், எழுந்து, பிரஷ்ஷைப் பிடித்து, மூச்சு வாங்க எனக்கு அரை நிமிஷம் கிடைக்கும். அது போதும்.

"ஊரெல்லாம் திருட்டு பயமா இருக்கு. வீட்டுக்கு அலாரம் வைக்கணும்" என்றேன் கவலையோடு.

"பட்டப்பகல்ல நீங்க வீட்டுல இருக்கும்போதா?"

"நான் உள்ளே வேலையில மூழ்கி இருப்பேன். முன்னாடி யார் வந்தாலும் தெரியாதே!"

"சரி, வெச்சுக்கோங்க."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. என்னைக் கல்யாணம் செய்துகொள்ளவே அவள் எட்டு மாசம் யோசித்தவள். அங்கேயே நான் உஷாராகி இருக்க வேண்டும்.

மறுநாள் அலாரம்காரர் வந்தார். கேட்டில் ஒன்று, வாசல் கதவில் ஒன்று, ஹால் மூலையில் ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் ஒரு கண், பின்பக்கக் கதவில் ஒன்று என்று பொருத்திவிட்டு, காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார்.

"சார், திருடன் வந்தா உங்களுக்கு எப்படித் தெரியணும்? போன் கால் வரலாம். எஸ்.எம்.எஸ். வரலாம். ஆப்ல மெசேஜ் வரலாம். எது வேணும்?"

"இவருக்கு எப்படித் தெரிஞ்சா என்ன?" என்றாள் என் மனைவி. "தெரிஞ்சப்புறம் எழுந்திருக்கணுமே."

"போன் கால்!" என்றேன். "நல்லா அலறணும்."

"முதல் நம்பர் யாரோடது? அவங்க எடுக்கலைன்னா ரெண்டாவது நம்பருக்குப் போகும்."

"முதல் நம்பர் நான். ரெண்டாவதும் நான்தான். வீட்டுத் தலைவன் ஒருத்தன்தானே? கேட்டு, வாசல் ரெண்டும் எனக்கு மட்டும் வந்தாப் போதும்."

"அப்போ பின்பக்கக் கதவு?"

பின்பக்கக் கதவு அந்த அறையிலிருந்து சந்துக்குத் திறப்பது. அந்தப் பக்கமாக என் மனைவி வந்ததே இல்லை. வராத வழிக்கு எனக்கு எதற்குத் தகவல்? தூக்கம்தான் கெடும்.

"அது இவளுக்குப் போகட்டும்" என்றேன் தாராளமாக. "பாவம், அவளுக்கும் ஏதாவது ஒண்ணு வேணுமே."

"எனக்குப் போனெல்லாம் அடிக்க வேண்டாங்க" என்றாள் அவள் அடக்கமாக. "கடையில ஆள் இருப்பாங்க. சத்தமில்லாம மெசேஜ் வந்தா போதும்."

நான் டீ போடப் போனேன். எங்கள் வீட்டில் டீ என் இலாகா. திரும்பி வந்தபோது அவள் போனில் அவர் எதையோ காட்டிக்கொண்டிருந்தார். செட்டிங் என்றார்கள். பெண்களுக்குச் சொல்லித்தர நேரமாகும் என்று நினைத்து, அவருடைய பொறுமையை மனசுக்குள் பாராட்டினேன்.

அடுத்ததாக, அந்த அறைக்கு ஹால் பக்கம் இருக்கும் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். "முடியற வரைக்கும் யாரும் பார்க்கக் கூடாது. சர்ப்ரைஸ்!" என்று அறிவித்தேன். உள்ளே ஒரு வேலையும் நடக்கவில்லை என்பது வெளியே தெரியக் கூடாது அல்லவா? நானும் உள்ளே போகவில்லை. அந்தக் கட்டிலைப் பார்த்தாலே எனக்கு இடுப்பு வலிக்கும்.

போன் கால் ஏற்பாடு ஒரே நாளில் கவிழ்ந்தது. மத்தியானம் போன் அலறியது. எழுந்தேன், பிரஷ்ஷை எடுத்தேன். எல்லாம் சரி. ஆனால் பதற்றத்தில் கை பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது. அவள் உள்ளே நுழையவும், "எச்சரிக்கை! உங்கள் வீட்டில் அந்நியர் நுழைந்துவிட்டார்!" என்று ஒரு பெண் குரல் வீடு முழுக்கக் கத்தியது.

"யாரு அந்த அந்நியர்? நானா?"

"மெஷினுக்கு என்ன தெரியும்?"

"பேசறவ யாரு?"

"அதுவும் மெஷின்தான்!"

"உங்களை எழுப்ப ஒரு குரல் பத்தலைன்னு இன்னொருத்தியா?"

எஸ்.எம்.எஸ்.ஸுக்கு மாற்றினேன். அது 'டிங்' என்று ஒரே ஒரு தடவை, மரியாதையாக ஒலித்தது. என்னை எழுப்ப மரியாதை போதாது. கண் விழித்தபோது என் மேல் போர்வை போர்த்தியிருந்தது. சமையலறையில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். போனில் அவள் வந்த தகவல் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"அசதியா இருந்தீங்க போல. ஒரு சுவர் முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது!" என்றேன்.

மூன்றாவதுதான் ஆப். அதில் அதிர்வை மட்டும் வைத்துக்கொள்ளலாம். போனை பனியனுக்குள் செருகி, தொப்பையின் மேல் படுக்க வைத்துப் பார்த்தேன். அடடா! கேட்டைத் தொட்டால் வயிறு நடுங்கியது. செத்தவன்கூட எழுந்துவிடுவான். மனித உடம்பில் தொப்பை எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஆரம்பத்தில் சில சோதனைகள் வந்தன. தபால்காரர் வந்தார், அதிர்ந்தேன். பூனை வந்தது, அதிர்ந்தேன். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் கத்தரிக்கோல் திருப்பிக் கொடுக்க வந்தபோது, பிரஷ்ஷும் கையுமாக, இரைக்க இரைக்க அவர் முன்னால் போய் நின்றேன்.

"என்ன சார், பெயிண்ட் வாசனை வருது?" என்றார்.

எனக்கு வாசனை ஏதும் வரவில்லை. வருஷம் முழுக்க எனக்கு மூக்கடைப்பு. இருந்தாலும் வந்த வாய்ப்பை விடுவேனா? "பின்னே? காலையிலேருந்து அடிக்கிறேனே!" என்றேன்.

"அப்படியா?" என்றார் அவர். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா அடிங்க சார், நல்லா அடிங்க" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு போனார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு பொற்காலம். பத்து மணிக்குப் படுப்பேன். வயிறு அதிர்ந்தால் எழுவேன். வெள்ளை பெயிண்ட் டப்பாவில் விரலைத் தோய்த்து மூக்கில் ஒரு பொட்டு வைத்துக்கொள்வேன். சட்டையில் இரண்டு தெறிப்பு. முதுகைப் பிடித்துக்கொண்டு, "அப்பாடா" என்று ஒரு முனகல். அவள் உள்ளே வந்து என் மூக்கைப் பார்ப்பாள்.

"இன்னிக்கு எவ்வளவு ஆச்சு?"

"ரெண்டாவது சுவர்."

"அடேங்கப்பா! ரொம்ப உழைக்காதீங்க. நாளைக்கும் நல்லா ரெஸ்ட் எடுத்துக்கிட்டு மெதுவா செய்யுங்க."

எந்த மனைவி இப்படிச் சொல்வாள்? எனக்குக் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது. இவ்வளவு நல்லவளை ஏமாற்றுகிறோமே என்று ஒரு மத்தியானம் தூக்கம் வராமல் பத்து நிமிஷம் தவித்தேன். பிறகு வந்துவிட்டது. அந்தத் தூக்கத்தில் ஒரு கனவு. யாரோ சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். கனவிலாவது வேலை நடக்கிறதே என்ற நிம்மதியில் திரும்பிப் படுத்தேன். சுரண்டல் உடனே நின்றது. நல்ல கனவு.

பதினெட்டாம் நாள் வேலையை ஆரம்பிக்க வேண்டும். மூன்று நாள் வேலையை இரண்டே நாளில் முடிப்பவன்தான் திறமைசாலி என்று தோன்றியது. பத்தொன்பதாம் நாள், ஒரே நாளில் முடிப்பவனைப் பற்றி யோசித்தேன். இருபதாம் நாள் காலையில் அவள் கடைக்குப் போகவில்லை.

"இன்னிக்கு லீவு போட்டுட்டேன்" என்றாள். "சர்ப்ரைஸ் பார்க்கணுமே!"

எனக்கு வயிறு அதிர்ந்தது. போன் மேஜையில் இருந்தது.

பத்து வருஷச் சண்டை, என் அறை, அதில் போடுவதற்காகப் பார்த்து வைத்திருந்த சுழல் நாற்காலி எல்லாம் என் கண் முன்னால் ஒருமுறை சுழன்றன. உண்மையைச் சொன்னால் அறை போய்விடும். பாதி உண்மை சொல்லிப் பார்த்தேன்.

"நாலாவது சுவர்தான் கொஞ்சம் பாக்கி. ஒரே ஈரம். ஒரு வாரம் டைம் கொடு. முடிச்சுடறேன்."

"நாலாவது சுவரா? அது நேத்தே முடிஞ்சுதே!"

என் இடுப்பிலிருந்து சாவியை உருவித் திறந்தாள்.

கட்டில் இல்லை. சைக்கிள் இல்லை. நான்கு சுவரும் இளம் பச்சையில் பளபளவென்று இருந்தன. ஜன்னலுக்குப் புதுத் திரை. திரையின் கீழே, நேற்றுவரை சாப்பாட்டு மேஜையில் இருந்த தையல் மெஷின் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. மூலையில் பெயிண்டர் ஒருவர் குத்துக்காலிட்டு, கழற்றி வைத்த ஜன்னல் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றார்.

ஆனாலும் நான் தளரவில்லை.

"சரி, ரூம் முடிஞ்சுதா இல்லையா? முடிஞ்சுது! முடிஞ்சா எனக்குன்னுதானே பேச்சு?"

"நீங்க முடிச்சாத்தான் உங்களுக்கு."

"நான் முடிக்கலைன்னு யார் சொன்னது?"

"உங்க மூக்கு. மூக்குல வெள்ளை, சுவத்துல பச்சை. அப்புறம் இது." தன் போனை நீட்டினாள். 'ஹாலில் அசைவு இல்லை. காலை 10.17.' 'ஹாலில் அசைவு இல்லை. காலை 10.21.' 'ஹாலில் அசைவு இல்லை. காலை 10.18.' விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. என் லீவு முழுக்க அதில் இருந்தது.

"இது என்னது?"

"தனியா இருக்கற வயசானவங்களுக்காக ஒரு வசதியாம். பதினைஞ்சு நிமிஷம் ஆடாம அசையாம கிடந்தா வீட்டுக்காரங்களுக்கு மெசேஜ் வரும். நீங்க டீ போடப் போனப்போ அலாரம்காரர் வெச்சுக் கொடுத்தார். நீங்க உங்களுக்கு, ஆள் வந்தா தெரியற மாதிரி வெச்சுக்கிட்டீங்க. நான் எனக்கு, ஆள் விழுந்தா தெரியற மாதிரி வெச்சுக்கிட்டேன். மெசேஜ் வந்ததும், பின்பக்கச் சாவி வெச்சிருக்கற இந்தப் பெயிண்டருக்கு ஒரு போன். பின்பக்கக் கதவுதான் என் கையில இருக்கே! நீங்கதானே பெரிய மனசு பண்ணி எனக்குக் கொடுத்தீங்க?"

"நான் தினமும் ஒரு சுவர், ரெண்டு சுவர்னு சொன்னப்போ..."

"சரியாத்தான் சொன்னீங்க. ஒருநாள்கூடத் தப்பாச் சொல்லலை. எனக்கே ஆச்சரியமா இருந்துது."

திருட்டு அலாரத்துக்குக் கீழேயே படுத்துக்கொண்டு, ஒரு முழு அறையைப் பறிகொடுத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கோபம் வந்தது. அவளிடம் காட்ட முடியாது. பெயிண்டர் பக்கம் திரும்பினேன்.

"ஏன்யா, வீட்டுக்காரன் தூங்கும்போது பின்பக்கமா வந்து வேலை செய்யறியே, உனக்கே இது நல்லா இருக்கா?"

"தப்பா நினைக்காதீங்க சார்" என்றார் அவர், பிரஷ்ஷை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு. "உங்க தூக்கத்தை நான் ஒருநாளும் கெடுத்ததில்லை. குறட்டை கேட்டாத்தான் சுரண்டுவேன். நீங்க புரண்டு படுத்தா கையை நிறுத்திடுவேன். ஆனா நேத்து நீங்க கொஞ்சம் சீக்கிரம் எழுந்துட்டீங்க சார். அதான் இந்த ஜன்னலுக்கு மட்டும் ஒரு கோட் நின்னு போச்சு."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் சோபா இருந்த திசையைப் பார்த்தாள்.

"ஒரு அரை மணி நேரம் போய்ப் படுத்தீங்கன்னா முடிச்சுடுவேன் சார். பழகிப் போச்சு. உங்க குறட்டை இல்லாம எனக்குக் கை ஓட மாட்டேங்குது."

போய்ப் படுத்தேன்.