சந்திரனில் துள்ளிய மாமா

காதலிக்கிற பெண்ணின் அப்பாவைக் கவர எத்தனையோ வழிகள் உண்டு. கோயிலுக்குக் கூட்டிப்போகலாம், பனி கொட்டிய காலையில் போய் அவர் வீட்டு வாசலை வழித்துக் கொடுக்கலாம். நான் அவரைச் சந்திரனுக்குக் கூட்டிப்போனேன்.

சுஜியின் அப்பா ஸ்ரௌவ்வில் என்கிற வசதியான ஊரில் புதுவீடு வாங்கியவர். மோர்னிங்சைட்டில் ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்த என்னைப் பற்றி, "ஆளைப் பாப்பம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். (பார்க்கட்டுமே என்றுதான் நானும் நினைத்தேன்.) வடக்கே தூரத்துச் சட்பரியில் வானத்திலிருந்து கல் விழுந்த பெருங்குழி ஒன்று இருக்கிறது, சந்திரனுக்குப் போகவிருந்த விண்வெளி வீரர்கள் அங்கே வந்து பாறைகளைப் படித்தார்கள் என்று யூரியூப்பில் பார்த்திருந்தேன். பாதி வீடியோவில் நித்திரையாகிவிட்டேன். என்னைக் கவிழ்த்தது அந்த மற்றப் பாதிதான்.

மூன்றுபேரும் விடியப் புறப்பட்டுச் சட்பரி போய்ச் சேர்ந்தால் குழியைக் காணோம். கார் சுற்றியது, சுஜி கொண்டுவந்த மீன் ரோல்ஸ் முடிந்தது, குழி மட்டும் வரவில்லை.

"தம்பி, ஆரையும் கேட்டுப் பாருமன்" என்றார் அவர். கேட்பதா? வழி கேட்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

கடைசியில் ஆழமான பள்ளமாக ஒரு பெரிய கிடங்கு தெரிந்தது. சாம்பல் நிறம், புல்பூண்டு இல்லை. சந்திரனேதான்! நடுவில் நின்று விளக்கம் கொடுத்தேன். வீரர்கள் எப்படி மெல்ல மெல்லத் துள்ளி நடந்தார்கள் என்று காட்டினேன். அயன் பண்ணிய காற்சட்டையோடு அவரும் துள்ளினார். சுஜி படம் எடுத்தாள். அப்போது தலைக்கவசம் போட்ட ஒருவர் எங்களை நோக்கி வந்தார். விண்வெளி வீரர் அல்ல. றோட்டுப் போடக் கல் அள்ளுகிற இடத்தின் காவலாளி. வெளியே போகச் சொன்னார்.

பெற்றோல் அடிக்கிற இடத்தில் வெட்கத்தை விட்டுக் குழி எங்கே என்று கேட்டேன். காசு வாங்குகிற பெண் மிக அன்பாகச் சொன்னாள்: "யூ ஆர் இன் இட்."

ஊர்களே உள்ளே அடங்குகிற குழியாம். காலம் போய்த் தூர்ந்து, மேலே மரமும் வீடும் வந்து, நின்று பார்த்தால் குழி என்றே தெரியாதாம். மத்தியானம் முழுக்கக் குழிக்குள் ஓடி ஓடிக் குழி தேடியிருக்கிறேன்.

திரும்பும் வழியில் கல்யாணமும் அந்தக் கிடங்கிலேயே புதைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். பாதி வழியில் அவர் பின்சீற்றுப் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, உவன் வந்த இடத்தை விட்டு வெளிய போகத் தெரியாத ஆள். நீ உவனையே கட்டு."

மாமா துள்ளுகிற படம் இப்போது எங்கள் வீட்டு ஹோலில் தொங்குகிறது. போட்டிருக்கிற ஜக்கெற்றை நான் வீடெல்லாம் தேடும்போது, என் மகள் போனிலிருந்து தலை தூக்காமலே சொல்வாள்: "அப்பா, யூ ஆர் இன் இட்."