மாமனாருக்கு மருந்து புகட்டிய கதை

மருந்து என்று எதைக் கையில் கொடுத்தாலும் அதை வாய்க்குள்தான் போட வேண்டும் என்று நினைக்கிற மனிதர்கள் உலகத்தில் உண்டு. அவர்களில் ஒருவன் உங்கள் அப்பா. கவிதா, கதிரு, நீங்கள் இரண்டு பேரும் இதை அம்மா வாயால் பலமுறை கேட்டிருப்பீர்கள். அவள் சொல்வதில் பாதி இட்டுக்கட்டியது. அந்தக் கோபத்தில்தான் நானே எழுத உட்கார்ந்தேன்.

கவிதாவுக்கு அப்போது நடை பழகிய வயது. கொல்லங்கோட்டிலிருந்து உங்கள் தாத்தா, அதாவது என் மாமனார், எருத்தேன்பதிக்கு நம் வீட்டோடு தங்க வந்திருந்தார். அவருக்கு வீசிங். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் யாரோ தகரத்தைச் சுரண்டுவது போலச் சத்தம் வரும். அம்மா கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடியும் முன்பே பஸ் பிடிக்க வேண்டும்.

"ஏனுங்க, எங்கப்பன் மூச்சு உங்க கையிலதானுங்க இருக்குது. மருந்த நேரந் தப்பாமக் குடுத்துருங்க" என்றாள்.

"எங்கிட்டயா சொல்ற? ஊர்ல பாதி மாட்டுக்கு நான்தான மருந்து குடுக்கறன்" என்றேன்.

(அது பொய்யில்லை. மருந்தைக் கண்டால் மிரளுகிற மாட்டுக்கெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கர்வம்தான் என்னைக் கெடுத்தது.)

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதிக் கொடுத்ததை மருந்துக்கடையில் நீட்டினேன். கடைக்காரர் காதில் போனை இடுக்கிக்கொண்டு ஒரு டப்பா மாத்திரையையும், பிளாஸ்டிக்கில் ஒரு சின்னக் குழலையும் பையில் போட்டுத் தள்ளினார். மாத்திரை என்றால் உள்ளே பொடி அடைத்த குப்பி மாத்திரை. "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதர் மீது எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. போனில் யாருடனோ மீன் குழம்பைப் பற்றி அவ்வளவு விவரமாகப் பேசினாரே, அதில் ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?

குழல் எதற்கு என்று நான் யோசிக்காமல் இல்லை. டப்பா வாங்கினால் இனாமாகத் தருகிற சாமான் என்று முடிவு செய்து கவிதாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதை வாயில் வைத்து ஊதினாள். சத்தம் வராததால் அவளே "பூம் பூம்" என்று சொல்லிக்கொண்டு வாசலில் கோழிகளைத் துரத்தினாள். நானே அதற்கு ஒரு கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டேன்.

மாத்திரையை மாமனார் மோரில் விழுங்கிப் பார்த்தார். அது தொண்டையில் ஒட்டிக்கொண்டது. துப்பிவிட்டார்.

"மாப்ள, இது எறங்க மாட்டேங்குதுங்."

"எப்படிங் மாமா எறங்காமப் போயிரும்? அண்ணாந்து பாருங்க."

மாட்டுக்குச் செய்வதையே அவருக்கும் செய்தேன். இடது கையால் தாடையைப் பிடித்துத் தலையை மேலே தூக்கினேன். மாத்திரையை வெல்லத்தில் பொதிந்து நாக்கின் அடிவேரில் வைத்தேன். வாயை மூடிப் பிடித்துக்கொண்டு, தொண்டையை மேலிருந்து கீழாகத் தடவிக் கொடுத்தேன். கடகடவென்று இறங்கிவிட்டது. எனக்கு ஒரே பெருமை. போகப் போக என்னைக் கண்டதும் அவரே தலையை அண்ணாந்து கொடுக்கப் பழகிவிட்டார்.

ஆனால் வீசிங் குறையவில்லை. நாளுக்கு நாள் கூடியது. நாலு வார்த்தை பேசினால் நாலுக்கும் தனித்தனியாக மூச்சு வாங்கினார். அந்த மூச்சையும் என்னைக் குறை சொல்லத்தான் செலவழித்தார்.

"எல்லாம்... உங்க ஊட்டு... கடலக்காத் தூசிதானுங்... மாப்ள."

வாசலில் நிலக்கடலை காயப் போட்டிருந்தோம். எனக்குச் சுருக்கென்று வந்தது. "தூசியில பொறந்து தூசியில வளந்தவந்தானுங் நானும். எனக்கு என்ன ஆயிப்போச்சு?" என்று கத்திவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. பேச முடியவில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. உதடு நீலம் பூத்திருந்தது.

வேலை முடிந்து அப்போதுதான் பஸ் இறங்கி வந்த அம்மாவையும், கவிதாவையும், தாத்தாவையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் பறந்தோம். வழி முழுக்க டாக்டரைத் திட்டிக்கொண்டே போனேன். "காசக் குடுத்து இந்தப் புண்ணாக்கு மருந்த வாங்கித் தின்ன வச்சிருக்கானுக" என்றேன். அம்மா தாத்தாவின் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே முகமூடி மாட்டி மருந்துப் புகை பிடிக்க வைத்தார்கள். உதட்டில் பழைய நிறம் வந்த பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். மலையாளத்துக்காரர், நம்மோடு தமிழில்தான் பேசுவார்.

"நான் தந்த மருந்து கொடுத்ததா?"

"ஒரு வேள தப்பலீங்க. உங்க மருந்துலதான் சத்து இல்லீங்க" என்றேன், ஆஸ்பத்திரிக்கே கேட்கிற மாதிரி.

"எப்படிக் கொடுத்தது? ஒண்ணு காட்டித் தரூ."

காட்டச் சொன்னால் நான் விடுவேனா? மாமனார் முன்னால் போய் நின்றேன். முகமூடியைக் கழற்றியிருந்த அவர், என்னைக் கண்டதும் பழக்க தோஷத்தில் தலையை அண்ணாந்து வாயைத் திறந்தார். நான் தாடையைப் பிடித்தேன். தொண்டையைத் தடவினேன். வாயால் "த்தா த்தா" என்று மாட்டை ஓட்டும் சத்தம்கூடக் கொடுத்துவிட்டேன்.

நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது வீட்டில மாட்டுக்குக் கொடுக்கிற மாதிரி அல்லே?"

"ஆமாங்க. இதுல ஒரு சொட்டு வீணாப் போகாதுங்க."

"இது விழுங்கிற மருந்து அல்ல. இந்தப் பொடியை மூச்சில உள்ளே இழுக்கணும். அதுக்கு ஒரு குழல் தந்திருக்குமே, அது எங்கே?"

நான் பதில் சொல்வதற்கு முன்னால் பின்பக்கம் "பூம் பூம்" என்று கேட்டது. டாக்டர் திரும்பிப் பார்த்தார். அம்மாவும் திரும்பிப் பார்த்தாள். பிறகு அம்மா என்னைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன் நான் பெண் பார்க்கப் போனபோதுகூட என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

கண்ணில் விடும் சொட்டு, காதில் விடும் சொட்டு, நாக்குக்கு அடியில் கரைய வைப்பது, தோலில் ஒட்டுவது, மூச்சில் இழுப்பது என்று மருந்து போகிற வழிகளை நர்ஸ் எனக்கு விரல் மடக்கிச் சொன்னார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. எனக்கு அவர் மீதும் கோபம் வந்தது. இதையெல்லாம் முதல் தடவையே சொன்னால் வாய் வலிக்குமா?

புதுக் குழல் ஒன்றைப் பிரித்து, மருந்தை மூச்சில் இழுக்கத் தாத்தாவை நர்ஸே பழக்கினார். ராத்திரிக்குள் நெஞ்சுச் சத்தம் அடங்கிவிட்டது. நல்ல மூச்சு வந்ததும் அதை அவர் எதற்குச் செலவழித்தார் தெரியுமா? இடையில் ஒரு முறைகூட நிறுத்தாமல் சொன்னார்: "ஏனுங் மாப்ள, கொஞ்சம் உட்டிருந்தா என்ற மூக்குல கவுறு கோத்துச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிருப்பீங்களாட்ட இருக்குதுங்?"

அன்றிலிருந்து, எப்படிக் கொடுப்பது என்று செய்து காட்டச் சொல்லாமல் எந்தக் கடையிலும் நான் மருந்து வாங்குவதில்லை. அது தப்பா? இல்லை. ஆனால் போன மழைக்காலத்தில் கதிருக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சிக்கோட்டில் ஒரு கடையில் நின்று, "சும்மா குடுத்தா வாங்க மாட்டனுங்க. எப்படிக் குடுக்கறதுன்னு இங்கயே செஞ்சு காமிங்க" என்று கத்தினேன். கடையிலிருந்த பெண் என்னைப் பார்த்தாள், கதிரைப் பார்த்தாள். கதிர் இரண்டு கையாலும் டவுசரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அது பின்பக்கமாக வைக்கிற மருந்து என்று அந்தப் பெண் மெல்லச் சொன்னபோது எனக்குப் பின்னால் பெரிய கூட்டமே நின்றது.

இப்போதெல்லாம் மருந்து வாங்கக் கிளம்பினால் தாத்தா கொல்லங்கோட்டிலிருந்து அம்மாவுக்குப் போன் போடுகிறார். "அம்மிணி, மாப்ளைய வண்டியிலயே உக்கார வெய்யி" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். நீளமான சிரிப்பு. நடுவில் இருமல் இல்லை, இழுப்பு இல்லை. அம்மா போனை என் காதருகே பிடித்து, முழுவதையும் கேட்க வைக்கிறாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஆனாலும் அவர் சிரித்து முடிக்கும் வரை நான் காதை எடுப்பதில்லை.